"தலையணையை எடுங்க தம்பி": என் முட்டியும் இரண்டரை வருடப் பிசியோதெரபியும்

2023 மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும் அந்த 61 நாளும் எங்கள் பக்கம் கபடிக்குச் சீசன். உச்சிப்புளிப் பக்கம் ஓர் ஊரில் ராத்திரி மேட்ச். பாடிப் போனேன். கார்னரில் நின்றவன் கணுக்காலைப் பிடித்தான். நான் உடம்பைத் திருப்பினேன், பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் 'டொப்'பென்று ஒரு சத்தம்.

முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டுப் போட்டார்கள். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. நடந்தேன். சரி, பிழைத்தோம் என்று நினைத்தேன். ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் எங்களுக்கு மல்லிகை நாற்றுத் தோட்டம். ஒருநாள் வரப்பிலிருந்து இறங்கும்போது முட்டி தனியாகக் கழன்று போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஏசிஎல், முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் நார், முழுசாக அறுந்திருக்கிறது. ஊர்ப் பேச்சில் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு'. ஜூலையில் ஆபரேஷன். தொடையின் பின்பக்கத் தசைநாரிலிருந்து ஒரு துண்டை எடுத்து அறுந்த ஜவ்வின் இடத்தில் பொருத்தினார்கள். அது ஒன்றரை மணி நேர வேலை. அதற்குப் பிறகான வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதை யார் படித்தது? வீட்டில் காலை நீட்டினால் வலித்தது. அம்மா முட்டிக்குக் கீழே ஒரு தலையணையை வைத்தார். சொர்க்கம். மூன்று வாரம் அப்படியே படுத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் பக்கவாதம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோதெரபி மேடம் அவருக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார். திண்ணையில் கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, "தலையணையை எடுங்க தம்பி, முதல்ல அதை எடுங்க" என்றார். குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியை அந்தரத்தில் விடச் சொன்னார். முட்டி இறங்கவே இல்லை. நல்ல காலைப் பாயில் நீட்டினால் முட்டிக்கடியில் விரல் நுழையாது. இந்தக் காலில் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. முட்டி மடங்குவது மெதுவாக வந்துவிடும், நேராக நீளுவதை ஆரம்பத்தில் விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம் என்றார். அந்த மூன்று விரலை ஒன்றுமில்லாமல் ஆக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அதற்கு நடுவில் ஒரு தனியார் சென்டருக்கும் போனேன். அப்போது பாம்பன் ரயில் பாலம் மூடியிருந்த சமயம், தீவிலிருந்து ரயில் இல்லை. ஊன்றுகோலோடு பஸ் ஏறி ராமநாதபுரம் போய்வர அரை நாள் போய்விடும். அங்கே போனால் கரண்ட் வைப்பார்கள், பத்து நிமிடம் ஒரு கருவியைத் தேய்ப்பார்கள், நாளைக்கு வாங்க என்பார்கள். இருபது நாள், நாளுக்கு முந்நூறு ரூபாய். வலி குறைந்தது உண்மை. ஆனால் தொடை இளைத்துக்கொண்டே போனதை யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. என்னைக் கேட்டால், பிசியோ நல்லவரா என்று பார்க்க ஒரே வழி, அவர் உங்களை வேர்க்க வைக்கிறாரா என்பதுதான்.

பிறகு வேறோர் இடத்தில் ஒரு சார் கிடைத்தார். வாரம் ஒருநாள் வந்தால் போதும், மீதி ஆறு நாளும் வீட்டில் என்றார். முதல் நாளே டேப்பால் தொடையை அளந்தார். முட்டிச்சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் இரண்டு காலுக்கும் மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். காலை நேராக வைத்துத் தொடையை இறுக்கிப் பத்து எண்ணுவது, நேராகத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படியேறுவது, ஒற்றைக் காலில் நிற்பது. இதையே மாதக்கணக்காகச் செய்தால் எப்படி இருக்கும்? சலிப்பாக இருக்கும். வேறு வார்த்தை இல்லை. ரப்பர் பேண்டைத் தோட்டத்துப் பந்தக்காலில் கட்டி வைத்திருந்தேன், நாற்றுக்குத் தண்ணீர் விட வரும்போதெல்லாம் ஒரு சுற்று.

ஊரில் எல்லோரும் சொன்னது, "மணல்ல ஓடுடா, முட்டி உறுதியாயிடும்." சார் கேட்டுவிட்டுச் சிரித்தார். கால் புதையும் மணலில் பாதம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது, ஆறாத முட்டிக்கு அது எமன். அதற்குப் பதிலாகக் கடலுக்குள் நடக்கச் சொன்னார். தையல் தழும்பு முழுக்க ஆறிய பிறகுதான் அதுவும். எங்களுக்கு வடக்கே பாக் நீரிணை, பெண் கடல் என்போம், அலை அவ்வளவாக இருக்காது. இடுப்பளவு தண்ணீரில் உடம்பின் பாதி எடைதான் காலில் இறங்கும், நெஞ்சளவில் இன்னும் குறைவு. காலையில் அரை மணி நேரம் நடப்பேன். செருப்பில்லாமல் இறங்காதீர்கள், கடல்புல்லுக்கு நடுவே என்ன கிடக்கிறதென்று தெரியாது. சொறிமீன் வரும் நாளில் இறங்கவே வேண்டாம். ஒருமுறை தொடையில் பட்டு, முட்டி வலியே மறந்துபோனது.

ஐஸ் விஷயம். மச்சான் படகுக்கு ஐஸ் ஏற்றுகிறவன், பொடித்த ஐஸைப் பையோடு கொண்டுவந்து நேராகத் தோலில் வைத்துவிட்டான். கொப்புளம். துணி சுற்றி, பதினைந்து நிமிடம், அவ்வளவுதான்.

ஆபத்தான கட்டம் ஐந்தாவது மாதம். வலி இல்லை, வீக்கம் இல்லை, ஜாகிங் போகிறேன். டீம் பையன்கள், "அண்ணே, பொங்கலுக்கு இறங்கிருங்க" என்கிறார்கள். இங்கேதான் பலர் மறுபடி கிழித்துக்கொள்கிறார்கள். பொருத்திய தசைநாருக்குப் புது ரத்த ஓட்டம் வந்து, உடம்பு அதை ஜவ்வாக மாற்றிக்கொள்ளும்வரை அது வைத்ததைவிட பலவீனமாகவே இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் ரொம்ப மோசம், அதன் பிறகும் மெதுவாகத்தான் தேறும். கால் நன்றாக இருப்பதாகத் தோன்றுவதும் அப்போதுதான். 2016இல் வந்த நார்வே ஆய்வு ஒன்றைச் சார் காட்டினார்: ஒன்பதாவது மாதம் வரை, களம் இறங்குவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாம். பொங்கல் மேட்சுக்கு ஸ்கோர் எழுதினேன்.

ஏழாவது மாதம் ஒற்றைக்கால் தாவல் சோதனை. நல்ல காலில் 160 சென்டிமீட்டர், இந்தக் காலில் 125. அதாவது 78 சதவீதம். தொண்ணூறைத் தாண்டாமல் பாடிப் போகக் கூடாது என்று நிபந்தனை. நல்ல காலும் சும்மா கிடந்து சோர்ந்திருக்கும், அதனால் அந்த சதவீதத்தையும் முழுசாக நம்பாதே என்றார். பத்தாவது மாதம் 92 வந்தது. அப்புறமும் உடனே விடவில்லை. யாரும் தொடாமல் பாடுவது, பிறகு ஒருவர் மட்டும் பிடிப்பது, பிறகு மூவர். கணுக்காலை முதன்முறை ஒருவன் பிடித்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காலில் ஒன்றுமில்லை, பயம். அதைக் கடக்க மட்டும் ஆறு வாரம். பேண்டு, டேப் எதுவும் அதற்கு உதவவில்லை. எங்கள் டீம் கார்னர் பையன் தினமும் இருபது தடவை மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட்டதுதான் உதவியது.

பதின்மூன்றாவது மாதம் மேட்ச் இறங்கினேன், ஐந்து நிமிடம் மட்டும். இப்போது முழு ஆட்டம் ஆடுகிறேன். இடது பக்கம் பாய்வதில் பழைய வேகம் வரவில்லை, அதனால் போனஸுக்கு வலது காலை நீட்டப் பழகிக்கொண்டேன். மழைக்காலத்தில் காலையில் முட்டி கொஞ்சம் இறுகியிருக்கும். நாற்று நட முழுசாகக் குத்தவைத்து உட்கார்ந்தால் இடது குதிகால் தரையைத் தொடாது, அடியில் ஒரு செங்கல் துண்டு வைத்துக்கொள்கிறேன். பேண்டு இன்னும் பந்தக்காலில்தான் கட்டியிருக்கிறது. இது மூன்றாவது பேண்டு, உப்புக்காற்றில் முதல் இரண்டும் வெடித்துவிட்டன.