இம்பாக்ட் டிரைவர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

தூத்துக்குடியில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடலும் உப்பளமும் சேர்ந்து அனுப்பும் காற்று முதலில் சைலன்சரைத் தின்னும், பிறகு ஸ்போக்குகளை, பிறகு சத்தமில்லாமல் எஞ்சின் மூடிகளின் திருகாணிகளை. என்னிடம் இருப்பது யமஹா ஆர்.எக்ஸ்.100. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் வந்த 98 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. அதன் கிளட்ச் பக்க மூடியையும் மேக்னெட் பக்க மூடியையும் பிடித்திருப்பவை 6 மி.மீ. ஸ்டார் திருகாணிகள், அதாவது தலையில் சிலுவைக் குழி உள்ளவை. அவை ஒவ்வொன்றும் கழலும் நாள்வரை ஒரு பந்தயம்தான்.

அந்தத் திருகாணிகளுக்காகவே, சுத்தியலால் அடித்துத் திருப்பும் கை இம்பாக்ட் டிரைவர் ஒன்றை வாங்கினேன். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடும் கருவி அல்ல. முழங்கை நீளம்கூட இல்லாத இரும்பு உருளை. சில ஆண்டுகளாக என் வண்டியிலும், தெருவில் உள்ளவர்கள் கொண்டுவரும் வண்டிகளிலும் இதைப் பயன்படுத்தி வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருகாணியின் தலை வழுக்கிய பிறகு தேடும் கருவி அல்ல இது, வழுக்குவதற்கு முன்பே எடுக்க வேண்டியது.

திருகாணி ஏன் இறுகுகிறது? மூடியும் எஞ்சின் உடலும் அலுமினியம், திருகாணி எஃகு. உப்பு ஈரம் இடையில் புகுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறிய பேட்டரியாகிவிடும், அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பில் உண்டாகும் வெள்ளைத் தூள் பழைய உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் இறுகுகிறது. இந்த நிலையில் சாதாரண ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினால், திருகாணி அசைவதற்கு முன் டிரைவரின் நுனி குழியிலிருந்து ஏறி வெளியே வரும். வரும்போது குழியின் விளிம்பையும் சுரண்டிக்கொண்டு வரும். இரண்டு முறை அப்படி நடந்தால் சிலுவைக் குழி வட்டக் குழி ஆகிவிடும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று பிட்டின், அதாவது டிரைவரில் மாட்டும் நுனித் துண்டின், அளவு. 6 மி.மீ. திருகாணிக்கு வேண்டியது 3 ஆம் எண் பிட். வீட்டில் இருப்பதோ பெரும்பாலும் 2 ஆம் எண். அதுவும் குழிக்குள் போய் உட்காரும், பொருந்தியதுபோலவே தோன்றும், ஆனால் ஆடும். மேலும், ஜப்பானிய வண்டிகளின் ஸ்டார் திருகாணிகள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தொழில் தரத்தில் வருபவை. நாம் வாங்கும் ஃபிலிப்ஸ் பிட் அவற்றில் முழு ஆழத்துக்கு இறங்காது. தலையில் சிறிய புள்ளி ஒன்று குத்தப்பட்டிருந்தால் அது ஜே.ஐ.எஸ். என்று எடுத்துக்கொள்ளலாம். புள்ளி இல்லாவிட்டாலும் ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய வண்டி என்றால் அப்படியே நினைத்துக்கொள்வது நல்லது.

இம்பாக்ட் டிரைவரின் சூட்சுமம் எளிமையானது. உள்ளே ஒரு ஸ்பிரிங், சாய்வாக வெட்டிய பள்ளங்கள். தலையில் அடித்தால் உடல் கீழே இறங்கும், அந்தச் சரிவு அடியைச் சிறிய திருப்பமாக மாற்றும். திருப்பும் அதே நொடியில் பிட் குழிக்குள் அழுந்துகிறது என்பதுதான் இதன் பலம். வெளியே ஏறி வர அதற்கு வழியே இல்லை. அடியின் அதிர்ச்சி மரையில் ஒட்டியிருக்கும் அரிப்பையும் உடைக்கிறது. அடிப்பதற்கு முன் கருவியின் உடலை, திருகாணி கழலும் திசையில் கையால் முறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். திசை மாற்றும் அமைப்பு கழற்றும் பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் இறுகிய திருகாணியை இன்னும் இறுக்குவீர்கள். சுத்தியல் கனமாக இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. இலேசான சுத்தியலால் பத்து அடி அடிப்பது வீண் வேலை. வண்டி சென்டர் ஸ்டாண்டில் அசையாமல் நிற்கட்டும்; சைடு ஸ்டாண்டில் நின்றால் அடியில் பாதியை வண்டியின் ஆட்டமே விழுங்கிவிடும்.

இனி குறைகள். கருவியோடு வந்த பிட்டுகள் மோசம். ஸ்டார் பிட்டின் முனைகள் சீக்கிரமே மழுங்கின, ஒன்று முறுக்கிக்கொண்டது. எஸ்2 எஃகில் செய்த நல்ல பிட்டுகளைத் தனியாக வாங்கிய பிறகே கருவி தன் முழு வேலையைக் காட்டியது. கடையில் பணம் மிச்சப்படுத்த நினைத்தால் கருவியின் உடலில் மிச்சப்படுத்துங்கள், பிட்டில் வேண்டாம். அடுத்து, உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து, அடித்தால் திரும்பாமல் தடுமாறத் தொடங்கியது. பிரித்துத் துடைத்துப் புதிய கிரீஸ் வைத்தேன், சரியாயிற்று. இந்த ஊர் ஈரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. பிட் பிடிப்பானைக் கழற்றினால் அரை அங்குலச் சதுர முனை இருக்கிறது, அதில் சாக்கெட் மாட்டலாம். ஆனால் பளபளக்கும் குரோம் சாக்கெட்டை மாட்டி அடிக்காதீர்கள், வெடிக்கக்கூடும். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்தான் அடி தாங்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது.

எல்லா இடத்துக்கும் இது ஏற்றதும் அல்ல. கார்புரேட்டர் கிண்ணத்தின் திருகாணிகள், டிஸ்க் பிரேக் எண்ணெய்த் தொட்டியின் மூடி ஆகியவை மெல்லிய வார்ப்புகள், அடித்தால் விரிசல் விடும். அங்கே எனக்குக் கைகொடுப்பது ஜே.ஐ.எஸ். நுனி உள்ள கை டிரைவர். சுத்தியலால் தட்டினால் தானே சிறிது திரும்பும் ஜப்பானிய டிரைவரும் கிடைக்கிறது, வெசல் நிறுவனத்தின் இம்பாக்டா. சின்னத் திருகாணிகளுக்கு அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

தலை ஏற்கெனவே போய்விட்டதென்றால்? கடைகளில் அழகான பெட்டியில் விற்கும் எக்ஸ்ட்ராக்டர் தொகுப்பைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை. திருகாணியின் நடுவே துளை போட்டு, இடப்புறச் சுருள் கொண்ட கூம்பை அதில் ஏற்றி எதிர்த் திசையில் திருப்ப வேண்டும். 6 மி.மீ. திருகாணிக்குள் நுழையும் கூம்பு மெல்லியது, மிகக் கடினமானது, அதனால் எளிதில் ஒடிவது. உள்ளே ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. மின்பொறியால் அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறையைத் தேடிப் போக வேண்டும்.

அதைவிட நல்ல வழி, 6 மி.மீ. டிரில் பிட்டால் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிடுவது. தலை உதிர்ந்த உடனே இழுவிசை போய்விடும், மூடி கையோடு வரும், தண்டின் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பூட்டுக் குறடால் கவ்வித் திருப்பினால் பல நேரம் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிதாக வந்துவிடுகிறது. வரவில்லையென்றால் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்த பிறகே சூடு. தண்டு மட்டத்தோடு ஒடிந்திருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவார்கள். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றச் சொல்லுங்கள்.

எண்ணெய்களைப் பற்றி ஒரு வார்த்தை. டபிள்யூ.டி.40 ஈரத்தை விரட்டுவதற்காகப் பிறந்த திரவம். துருவுக்குள் ஊடுருவத் தனித் திரவங்கள் இருக்கின்றன, அவை மேல். எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணாச்சி இன்னும் மண்ணெண்ணெயை ஊற்றி, "ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் பார்ப்போம்" என்பார். எந்தத் திரவம் என்பதைவிட அந்த இரவுதான் முக்கியம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கழற்றியவற்றைத் திரும்பப் போடாமல், அறுகோணக் குழி உள்ள ஆலன் தலைத் திருகாணிகளுக்கு மாறினேன். பலரும் ஸ்டெயின்லெஸ் தொகுப்பு வாங்கி அப்படியே மாட்டுகிறார்கள். துருப்பிடிக்காதது திருகாணி மட்டும்தான்; அதோடு சேரும் அலுமினியத்தை அது சாதாரண எஃகைவிட மோசமாகவே அரிக்கக்கூடும். மரையில், ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பசையை மெல்லியதாகத் தடவி மாட்டினால் அடுத்த முறை கைச்சாவிக்கே கழலும். பசை தடவிய மரை வழக்கத்தைவிட எளிதாக இறுகும் என்பதால், 6 மி.மீ. திருகாணிக்கு வழக்கமான 10 நியூட்டன் மீட்டரைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன். ஆலன் குழியில் மண் அடைத்திருக்கும்போது சாவியை அரைகுறையாகச் செருகித் திருப்பினால் அதுவும் வட்டமாகிவிடும். அப்போது ஆறு முனை நட்சத்திர வடிவுள்ள, சற்றுப் பெரிய டார்க்ஸ் பிட்டைச் சுத்தியலால் உள்ளே அடித்து, அதே இம்பாக்ட் டிரைவரை மாட்டிக் கழற்ற வேண்டும்.