ஓட்டக்காரர் தொடருக்கு ஆப்பிரிக்க இசை: ஊரறிந்த பாட்டா, பழைய பதிவா, லைப்ரரியா, அந்த ஊர்க் கலைஞர்களா?

கென்யாவின் இட்டென் ஊர், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம். விடியற்காலையில் செம்மண் பாதையில் நாற்பது ஐம்பது பேர் ஒரே கூட்டமாக ஓடுகிறார்கள். மாரத்தான் ஓட்டக்காரர்களைப் பற்றி ஆவணத் தொடர் எடுக்கிற யாரும் இந்தக் காட்சியை விடமாட்டார்கள். அதற்கு அடியில் என்ன இசை போடுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள். எடிட்டர் தற்காலிகமாக ஒரு ஜெம்பே தாளத்தைப் போட்டு வைப்பார், பார்த்துப் பார்த்து எல்லார் காதுக்கும் பழகிவிடும், கடைசியில் அதுவே தங்கிவிடும். ஜெம்பே மேற்கு ஆப்பிரிக்க வாத்தியம். அங்கே செனகலின் டக்காரிலிருந்து கென்யத் தலைநகர் நைரோபி 6,000 கிலோமீட்டருக்கு மேல். இட்டெனில் ஓடுகிற கலென்ஜின் மக்களுக்கு அது யாரோ வீட்டு மேளம்.

சரி, என்னென்ன வழி இருக்கிறது?

எல்லாரும் முதலில் கேட்பது ஊரறிந்த பாட்டு. ஒரு பாட்டுக்கு இரண்டு பூட்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். எழுதி மெட்டமைத்தவர் பக்கம் ஒரு உரிமை, பதிவு செய்த லேபிள் பக்கம் இன்னொன்று, இரண்டு பேரும் சம்மதித்தால்தான் படத்தில் போடலாம். ஒருவருக்குக் கொடுக்கிற தொகைக்குக் குறையாமல் மற்றவருக்கும் தர வேண்டும் என்ற ஷரத்தும் பெரும்பாலும் வந்துவிடும், அதனால் ஒரு பக்கம் பேசி விலையைக் குறைத்தாலும் பலன் இருக்காது. பிரெஞ்சு பேசும் நாடுகளின் கலைஞர் என்றால் பாட்டு பிரான்ஸின் இசை உரிமைச் சங்கமான சாசெமில் பதிவாகியிருக்கலாம், லேபிள் வேறொரு நாட்டில் இருக்கலாம், வாரிசுகள் சொந்த ஊரில் இருக்கலாம். மூன்று இடத்துக்கும் கடிதம் போக வேண்டும்.

அப்படியும் கால்பந்துத் தொடர் என்றால் ஒரு பாட்டுக்காக நான் சண்டையே போடுவேன். 1972-இல் ஆப்பிரிக்கக் கோப்பை கேமரூனில் நடந்தபோது போட்டிக்கான பாட்டை அந்நாட்டு சாக்ஸபோன் கலைஞர் மனு டிபாங்கோ பதிவு செய்தார். அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்ததுதான் 'சோல் மகோசா'. போட்டிப் பாட்டு அங்கேயே நின்றுவிட்டது, மறுபக்கம் உலகம் சுற்றியது. அதன் பல்லவியை மைக்கேல் ஜாக்சன் கேட்காமல் எடுத்துப் பாட, டிபாங்கோ சட்டத்தின் வழியே போய்த்தான் ஈடு வாங்க வேண்டியிருந்தது. இங்கே பாட்டே கதை. அப்படிப்பட்ட இடத்துக்குப் பெரிய தொகை தகும். வெறும் துள்ளலுக்காக அவ்வளவு செலவு செய்வது வீண்.

இரண்டாவது, பழைய பதிவுகள். தென்னாப்பிரிக்காவில், இன்று மகாண்டா என்று பெயர் மாறிய ஊரில், ரோட்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆப்பிரிக்க இசைக் காப்பகம் இருக்கிறது. ஆப்பிரிக்க இசையைத் தேடித் தேடிப் பதிவு செய்த ஹியூ டிரேசி 1954-இல் தொடங்கியது. 1950-இல் அவர் கென்யாவில் கிப்சிகிஸ் சிறுமிகளின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். கிராமபோனில் கேட்ட ஜிம்மி ராஜர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் பெயர் அவர்கள் வாயில் 'செமிரோச்சா' ஆகி, மனிதனும் மானும் கலந்த உருவமாகவே மாறிவிட்டது. கிப்சிகிஸ் மக்கள் கலென்ஜினில் ஒரு பிரிவு. ஓடுகிறவர்களின் பாட்டிமார் குரல் மாதிரி அது. இட்டென் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஆனால் காப்பகத்தின் கையெழுத்து கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இசையமைப்பாளர் என்ற கட்டத்தில் 'பாரம்பரியம்' என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும். தென்னாப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டா 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவு செய்த 'ம்புபே' என்ற பாட்டு அமெரிக்காவுக்குப் போனபோது ஆசிரியர் பெயராக அவர் பெயருக்குப் பதில் வேறொரு புனைபெயர் அச்சானது. அவர் 1962-இல் ஏழையாகவே இறந்தார், வாரிசுகளுக்கு உடன்பாடு கிடைத்தது 2006-இல். இப்போது சட்டமும் கவனிக்கிறது. கென்யாவில் மரபுக் கலை வெளிப்பாடுகளுக்கென்றே 2016-இல் ஒரு சட்டம் வந்தது, அந்தச் சமூகத்தின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கச் சொல்கிறது. கானாவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டார் கலையின் உரிமை மக்கள் சார்பாக அதிபரிடம் இருக்கிறது.

மூன்றாவது, லைப்ரரி இசை, அதாவது யார் படத்துக்கும் போட முன்கூட்டியே செய்து வைத்து விற்கிற இசை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே கையெழுத்தில் இரண்டு உரிமையும் வரும், விலையும் குறைவு. ஆப்பிரிக்காவின் 54 நாடுகளையும் ஒரே தலைப்பில் அடைத்து வைத்திருப்பார்கள். விமான நிலையத்திலிருந்து வண்டி கிளம்பும் பத்து வினாடிக்குப் போதும்.

நாலாவது, அந்த ஊர்க் கலைஞர்களையே வாசிக்க வைப்பது. என் ஓட்டு இதற்குத்தான். இட்டெனிலிருந்து எல்டோரெட் நகரம் முப்பது சொச்சம் கிலோமீட்டர். கிப்சிகிஸ் யாழான செப்கோங் வாசிப்பவரையும் பாடும் பெண்களையும் அங்கே அழைத்து, எடுத்த காட்சியைத் திரையில் ஓடவிட்டு வாசிக்கச் சொல்லலாம். நல்ல ஓட்டக்காரர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 180 அடி வைப்பார். தாளத்தை 90-இல் வைத்தால் ஒன்றுவிட்டு ஒரு காலடியில் தட்டு விழும், பார்க்கிறவர் உடம்பே அதை உணரும். குரலையும் யாழையும் தனித்தனி ட்ராக்காக வாங்கி வைத்தால் பேட்டி வரும் இடத்தில் குரலை மட்டும் இறக்கிவிடலாம், வாங்கிய பாட்டில் இது பெரும்பாலும் நடக்காது. கஷ்டமும் உண்டு. எடிட் பூட்டுவதற்கு, அதாவது காட்சிகளை இனி மாற்றுவதில்லை என்று முடிவு செய்வதற்கு, சில மாதம் முன்பே தொடங்க வேண்டும், அங்கேயே இருந்து ஒருங்கிணைக்க மொழி தெரிந்த ஆள் வேண்டும், சரியாக வராத பதிவை மறுபடி எடுக்கவும் பணம் ஒதுக்க வேண்டும்.

பணம் பேசும்போது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து எல்லா உரிமையையும் எழுதி வாங்கத்தான் தயாரிப்பாளருக்குத் தோன்றும். மெட்டுக் கட்டியவருக்கு ராயல்டியில் வரும் ஆசிரியர் பங்கையாவது கலைஞர்களிடமே விட்டுவிடுங்கள். தொடர் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு நாட்டிலும் வசூலாகும் ராயல்டி, படத்தில் எங்கே யார் இசை வருகிறது என்ற பட்டியலான க்யூ ஷீட்டைப் பார்த்துத்தான் பிரிகிறது. ஒவ்வொரு இசைத் துண்டுக்கும் காட்சி, நிமிடம், வினாடி, பெயர், பங்கு என்று ஒரே ஒரு வரி. ஆறு பெண்கள் சேர்ந்து மெட்டுக் கட்டிப் பாடியிருந்தால் 'உள்ளூர்க் குழு' என்று போடாமல், ஆறு பேரின் முழுப் பெயரையும் அவர்களிடமே எழுத்துக்கூட்டிக் கேட்டு, பதிவு நடக்கிற அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.