காப்பர் பெப்டைடா, ரெட்டினாலா? பாதுகாப்பை முன்வைத்து ஓர் ஒப்பீடு

முகச் சுருக்கங்களைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் சீரங்களில், செம்போடு இணைந்த அமினோ அமிலத் தொடரான காப்பர் பெப்டைடும், வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினாலும் நேருக்கு நேர் போட்டியிடுகின்றன. காப்பர் பெப்டைடுக்காகப் பேசுவோர் முதலில் எடுத்துவைக்கும் வாதம், அது சருமத்தை உறுத்தாது என்பதே. இது பெரும்பாலும் சரிதான்; ஆனால் பக்கவிளைவு குறைவாகப் பதிவாகியிருப்பதும், பாதுகாப்பு முழுமையாக ஆராயப்பட்டிருப்பதும் ஒன்றல்ல.

ரெட்டினால் தோலுக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுகிறது. தொடக்க வாரங்களில் வறட்சியும் சிவப்பும் தோல் உரிதலும் ஏற்படுவது இதனால்தான். மாநிறச் சருமத்தில் அந்த அழற்சி ஆறிய பிறகும் கருமை தங்கிவிடக்கூடும் என்பதால், நம்மவர்கள் குறைந்த அளவில் தொடங்குவதே நல்லது. கர்ப்ப காலத்தில், ரெட்டினால் உள்ளிட்ட ரெட்டினாய்டுகளை நிறுத்திவிடுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் முகப்பூச்சுகளில் ரெட்டினாலுக்கு 0.3 சதவீதமும், உடலுக்கான லோஷன்களில் 0.05 சதவீதமும் உச்சவரம்பாக விதித்தது. குறைகள் நீளமானவை என்றாலும், அவற்றை நாம் அறிந்திருப்பது இந்த மூலக்கூற்றுக் குடும்பம் பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்டு வந்திருப்பதால்தான்.

காப்பர் பெப்டைடில் பரவலாகப் பயன்படுவது, 1973இல் லோரன் பிக்கார்ட் மனித இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து கண்டறிந்த மூன்று அமினோ அமிலத் தொடர், செம்பு அயனியோடு இணைந்த வடிவம். சீரத்தின் நீல நிறம் செம்பினால் வருவது. சாயம் என்று எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. லேசான சிவப்பு, அரிப்பு ஆகியவையே வழக்கமான தொல்லைகள். செம்பு ஒவ்வாமை அரிதென்றாலும் இல்லாத ஒன்றன்று. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. எனினும், இதன் மீதான மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. கர்ப்பிணிகளுக்கு ரெட்டினாலுக்கு மாற்றாக இதைத் தயங்காமல் பரிந்துரைப்பவர்கள் சற்று அவசரப்படுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிற பொருள்களோடு சேர்ப்பதில்தான் காப்பர் பெப்டைடு கூடுதல் கவனம் கேட்கிறது. வைட்டமின் சி சீரங்களில் உள்ள அஸ்கார்பிக் அமிலம் செம்பின் முன்னிலையில் விரைவாக ஆக்ஸிஜனேற்றம் அடையும். சீரத்தின் அமிலத்தன்மை பெப்டைடிலிருந்து செம்பைப் பிரிக்கவும் செய்யலாம். இதனால் சருமத்தைவிடப் பணப்பைக்கே சேதம் அதிகம். ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை இரவிலும் பூசினால் சிக்கல் தீரும்.

ஊசியின் வழியே செலுத்துவது முற்றிலும் வேறு விஷயம். மேற்பூச்சுக்காகத் தயாரான சீரத்தை, வீட்டில் டெர்மாரோலரால் (நுண்ணிய ஊசிகள் பதித்த உருளை) துளையிட்ட தோலின் மீது தடவினால், அழகுசாதனத்துக்கு உரிய பாதுகாப்புக் கணக்குகள் எவையும் பொருந்தாது. தொற்றுக்கும் உள்ளழற்சிக்கும் வழி திறக்கும். இந்த எச்சரிக்கை ரெட்டினாலுக்கும் அப்படியே பொருந்தும்.

வெயிலால் ஏற்பட்ட சுருக்கமே கவலை என்றால், எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளக்கூடியவர்கள், சன்ஸ்கிரீனைத் தவறாமல் பூசிக்கொண்டு ரெட்டினாலைத் தேர்வது நியாயம். எளிதில் சிவந்துவிடும் சருமமுள்ளவர்கள், கைமடிப்பில் சில நாள் பூசிப் பார்த்துவிட்டுக் காப்பர் பெப்டைடைத் தொடங்கலாம். பலன் மட்டும் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.