6.1, 6.6, 6.12: ஒரே மெஷினில் மூன்று கெர்னல்கள்

ஒரே எட்டு கோர் மெஷினில் லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.1, 6.6, 6.12 பதிப்புகள் மூன்றையும் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டேன். வேலை எப்போதும் ஒன்றுதான்: ஒரு டேட்டாபேஸ், பின்னணியில் அவ்வப்போது பெரிய கம்பைல் (சோர்ஸ் கோடை இயங்கும் புரோகிராமாக மாற்றும் வேலை).

6.6-க்கு மாறியதும் கம்பைல் ஓடும்போதெல்லாம் டேட்டாபேஸ் திணறியது. சராசரி பதில் நேரம் மாறவில்லை, சில கோரிக்கைகள் மட்டும் வெகுநேரம் தொங்கின. எந்த வேலைக்கு எப்போது சிபியு என்று முடிவுசெய்யும் கெர்னல் பகுதி ஷெட்யூலர்; 2007 முதல் இருந்த சி.எஃப்.எஸ் ஷெட்யூலர் போய் ஈ.ஈ.வி.டி.எஃப் வந்தது 6.6-இல்தான். அதனால் ஷெட்யூலர் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

பழியில் ஒரு பங்கு வேறிடத்தில் இருந்தது. 6.1 நானே பில்ட் செய்தது, 6.6 டிஸ்ட்ரோவோடு வந்தது. இரண்டின் கான்ஃபிக் ஃபைல்களையும் டிஃப் போட்டு ஒப்பிட்டேன். டைமர் டிக் (கெர்னல் அவ்வப்போது நிலவரம் பார்க்கும் துடிப்பு) 1000 ஹெர்ட்ஸிலிருந்து 250-க்கு இறங்கியிருந்தது. அதாவது 4 மில்லிசெகண்டுக்கு ஒரு டிக். ஈ.ஈ.வி.டி.எஃப் இந்த மெஷினில் தரும் ஸ்லைஸ் (ஒரு டாஸ்க் ஒரு முறை ஓடக் கிடைக்கும் நேரம்) 3 மில்லிசெகண்ட். அது தீர்ந்தாலும் அடுத்த டிக் வந்தால்தான் கெர்னல் கவனிக்கும். இன்னொன்று, பூட் ஸ்கிரிப்டில் வேக்கப் கிரானுலாரிட்டியைக் குறைத்து வைத்திருந்தேன்; விழிக்கும் டாஸ்க் ஓடிக்கொண்டிருப்பதை எளிதில் முந்தவிடும் அமைப்பு அது. 6.6-இல் அந்த ஃபைலே கிடையாது. பிழைச் செய்திகளை ஸ்கிரிப்ட் விழுங்கிவிட்டதால் மாதக்கணக்கில் எனக்குத் தெரியவேயில்லை.

இரண்டையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மிச்சமிருந்தது. அப்புறம்தான் ஷெட்யூலர் செய்வதை நேரவரிசையில் காட்டும் 'பெர்ஃப் ஷெட் டைம்ஹிஸ்ட்' எடுத்தேன். அதில் பார்க்க வேண்டியது ஷெட் டிலே என்ற பத்தி: த்ரெட் விழித்ததிலிருந்து சிபியு கிடைக்கும் வரை எவ்வளவு காத்திருந்தது என்று சொல்லும். டேட்டாபேஸ் த்ரெட்களுக்கு அதுதான் ஏறியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கைப் பாதியில் நிறுத்தாமல் அதன் பங்கு முடியும்வரை விடுவது ரன் டு பாரிட்டி என்ற ஷெட்யூலர் அம்சம். கெர்னலின் உள் அமைப்புகளை மாற்றவிடும் டீபக்எஃப்எஸ் வழியாக அதை அணைத்ததும் டிலே இறங்கியது. ஆனால் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் (சிபியு ஒரு டாஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது) கூடி, கம்பைல் மெதுவானது. காரணத்தை உறுதிசெய்ய அருமையான சோதனை, நிரந்தரமாக வைக்கத் தக்கதல்ல.

6.12-இல் இதற்கு நல்ல வழி இருக்கிறது: ஒவ்வொரு டாஸ்க்கும் தனக்கான ஸ்லைஸைக் கேட்டுக்கொள்ளலாம். சிறிய ஸ்லைஸ் கேட்டது விழித்தால், பெரிய ஸ்லைஸில் ஓடுவதை முந்தலாம். ஷெட்_செட்ஆட்டர் என்ற சிஸ்டம் காலை அழைக்கும் சின்ன சி புரோகிராம் மூலம் டேட்டாபேஸை 1 மில்லிசெகண்ட் ஸ்லைஸோடு தொடங்குகிறேன். திணறல் நின்றது, கம்பைல் வேகமும் குறையவில்லை. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இப்போது கெர்னல் மாற்றும் முன்பே பழையதில் ஒரு டைம்ஹிஸ்ட் பதிவு எடுத்து, கான்ஃபிக் ஃபைலோடு சேர்த்து வைத்துவிடுகிறேன். 6.1-இல் அப்படிச் செய்யாததால், ஒப்பிடுவதற்காக மட்டுமே பழைய கெர்னலுக்குப் பலமுறை பூட் செய்ய வேண்டியிருந்தது.