தட்டை ஃபீடர், நாலு வருஷம்: பெரிய கெண்டையும் ஒரு சின்ன கிளிப்பும்

நாலு வருஷமாக ஏரியில் பெரிய கெண்டைக்குத் தட்டை ஃபீடர்தான் போடுகிறேன். ஃபீடர் என்றால் தூண்டில் நூலில் கட்டி, மீனைக் கூட்டும் மாவைத் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோகும் எடை. அதற்கு முன்னால் ஸ்பிரிங் ஃபீடர், கூண்டு ஃபீடர் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் மாவுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கை பழகுகிற வரைக்கும் அது வெறும் ஈயக்கட்டிதான்.

தெரியாதவர்களுக்கு: அடியில் ஈயம், மேலே விலா எலும்பு மாதிரி பிளாஸ்டிக் கம்பிகள். எப்படி வீசினாலும் ஈயப் பக்கம் கீழேயும் மாவு மேலேயுமாகத்தான் தரையில் உட்காரும். அச்சில் மாவை வைத்து அழுத்தி எடுத்தால் சோப்புக்கட்டி போல வரும். அதற்குப் பின்னால் 10 செ.மீ. துணை நரம்பு, அதன் முனையில் முள். இரையை முள்ளில் குத்தக் கூடாது. முள்ளிலிருந்து தொங்கும் சின்ன நூலில் கோக்க வேண்டும். ஹேர் ரிக் என்பார்கள். வீசும்போது இந்த முள்ளும் இரையும் மாவுக்குள் இருக்கும். கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான். கண்டதையும் உறிஞ்சிப் பார்த்து, சந்தேகம் வந்தால் துப்பிவிடும். முள் வெறுமையாக இருப்பதால் துப்பும்போது உதட்டில் மாட்டும், மிரண்டு திரும்பினால் 30, 40 கிராம் ஈயம் அதை அழுத்தி ஏற்றிவிடும். நாம் வெட்டி இழுக்கவே வேண்டாம். இது புரியாமல் முதல் ஆறு மாதம் கம்பு நுனி ஆடியதற்கெல்லாம் இழுத்து, கூடிய மீன்களை நானே கலைத்திருக்கிறேன். நுனி மெதுவாக வளைந்து நிமிர்ந்தால் மீன் தங்கூஸில் (தூண்டில் நைலான் நூல்) உரசிக்கொண்டு போகிறது என்று அர்த்தம், கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நிஜமாகவே மாட்டினால் கம்பே தாங்கியை விட்டுக் கிளம்பும், சந்தேகமே வராது.

இப்போது அந்த மாவு விஷயம். முதல் வருஷம் ஒரு நாள் காலையிலிருந்து ஒரு கடி கூட இல்லை. கால் மணி நேரம் கிடந்த ஃபீடரைச் சுற்றி எடுத்துப் பார்த்தால், போட்ட மாவு போட்டபடி செங்கல் மாதிரி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, முள்ளும் இரையும் உள்ளேயே புதைந்து கிடக்கின்றன! அதுவரை மீனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எங்கே போனாலும் முதல் ஃபீடரைக் கரையோரம் கணுக்கால் ஆழத்தில் வைத்து வேடிக்கை பார்ப்பேன். ஓரம் முதலில் உதிர வேண்டும், அப்புறம் நடுப்பகுதி சரிய வேண்டும், மூன்று நாலு நிமிஷத்தில் இரை வெளியே தெரிய வேண்டும். உடனே கரைந்தால் தண்ணீர் போதவில்லை. ஆழமான இடமென்றால் தரைக்குப் போகும் வரை தாங்க வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் ஈரம். மாவுக்குப் பதில் 2 மி.மீ. பெல்லட் (குட்டி மீன் தீவனக் குருணை) என்றால் மூழ்கும் அளவு தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிஷம், வடித்துவிட்டு அரை மணி நேரம் மூடி வைத்தால் தானாகப் பதத்துக்கு வரும். அவசரப்பட்டால் கூழ்தான்.

அடுத்தது ஒரே இடத்தில் விழுவது. கெண்டைக்கு இரைப்பையே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். அதனால் பத்துத் தடவை ஒரே இடத்தில் விழும் கைப்பிடி மாவு, சுற்றிலும் இறைத்த ஒரு வாளி மாவைவிட மேல். இதற்கு ரீல் ஸ்பூலில் (நூல் சுற்றும் உருளை) இருக்கும் கிளிப்பில் தங்கூஸை மாட்டிவிட்டால் ஒவ்வொரு வீச்சும் அதே தூரத்தில் நிற்கும். 12 அடி இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு, சுற்றுக் கணக்கில் அளந்து மாட்டுகிறேன். 10 சுற்று என்றால் 120 அடி.

இந்தக் கிளிப்தான் என் பெரிய மீனையும் கொண்டுபோனது. இரண்டாம் வருஷம், சாயங்காலம். கம்பு வளைந்தது, ரீல் நாலைந்து விநாடி கத்தியது, கிளிப்பில் முட்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தங்கூஸ் நுனி காற்றில் ஆடுகிறது. இப்போதெல்லாம் ஃபீடர் தரையைத் தொட்டதும் கிளிப்பிலிருந்து விடுவித்துவிடுகிறேன். தூரம் மறக்காமல் இருக்க அந்த இடத்தில் மெல்லிய ரப்பர் நூல் முடிச்சு, அடுத்த வீச்சுக்கு முன் அதைப் பார்த்து மறுபடி மாட்டுவேன். சலிப்பான வேலைதான், ஆனால் விடுவதில்லை. இன்னொன்று, அறுந்துபோனால் ஃபீடர் தங்கூஸிலிருந்து தானாகக் கழன்று விழ வேண்டும். வாங்கியதும் கையால் இழுத்துப் பாருங்கள், கழலாவிட்டால் அந்த மீன் ஈயத்தை இழுத்துக்கொண்டே அலையும்.

தேய்மானம் என்று பார்த்தால், கல் தரையில் விலாக் கம்பிகள் இரண்டு உடைந்தன, ஃபீடரின் வால் பக்கத்து ரப்பர் இரண்டாம் வருஷமே தளர்ந்துவிட்டது. ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது. ஃபீடருக்கு முன்னால் உள்ள ஒரு மீட்டர் தங்கூஸை மட்டும் ஒவ்வொரு முறையும் நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிடுகிறேன்.

தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் கெண்டை மந்தமாகிவிடும், அப்போது சின்ன ஃபீடர், மாவு பாதி. சேறு ஆழமாக இருக்கும் இடத்தில் ஃபீடர் புதைந்து மாவும் முள்ளும் கூடவே போய்விடுகின்றன. பாசி அடர்ந்த ஓரத்திலோ இன்னும் மோசம், மாட்டிய மீனை வெளியே கொண்டுவரவே முடியாது. அங்கெல்லாம் நான் இன்னும் பழைய தக்கையைத்தான் போடுகிறேன்.