முதல் வாரத்தில் யாருக்கு எவ்வளவு குறையும்: பேலியோவும் அளவுச் சாப்பாடும்

ஒரே நாளில் டயட் ஆரம்பித்த இரண்டு பேரில் ஒருவருக்கு முதல் வாரமே மூன்று கிலோ குறைகிறது. இன்னொருவருக்கு அரைக் கிலோ குறைவதே பெரும்பாடு. குறையாதவர் மனம் வெறுத்துப் பாதியில் விட்டுவிடுகிறார். அவருக்கும் கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருந்திருக்கும் என்பதுதான் இதில் வேதனை.

நம் ஊரில் அதிகம் பேர் எடுக்கும் வழிகள் இரண்டு. சோறு, இட்லி, சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டு முட்டை, கறி, பனீர், பாதாம் என்று போவது பேலியோ. வழக்கமான சாப்பாட்டிலேயே சோற்றைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுவது அளவுச் சாப்பாடு.

எடை மெஷினை மட்டும் பார்த்தால் முதல் இரண்டு வாரம் பேலியோவின் கைதான் ஓங்கியிருக்கும். ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு சுமார் அரைக் கிலோ இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் இந்தச் சேமிப்பு கரைய, தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாகத் தள்ளிவிடும். முதல் சில நாள் அடிக்கடி சிறுநீர் போவதும், தலைவலியும் அசதியும் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். மூன்று வேளையும் வயிறு நிறைய சோறும் டிபனும் சாப்பிட்டுப் பழகியவருக்கு இந்த இறக்கம் பெரிதாகத் தெரியும். முன்பே சோற்றைக் குறைத்திருந்தவருக்கு இறங்க அவ்வளவு தண்ணீர் இருக்காது.

2015-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு இதை அளந்தே காட்டியது. உடல் பருமனான 19 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, கலோரியை 30 சதவீதம் குறைத்தார்கள். ஒருமுறை மாவுச்சத்தில், மறுமுறை கொழுப்பில். ஆறு நாளில் மாவுச்சத்தைக் குறைத்தபோது எடை 1.85 கிலோ இறங்கியது, கொழுப்புணவைக் குறைத்தபோது 1.3 கிலோ. ஆனால் உடல் கொழுப்பு கரைந்தது தலைகீழ்: முதலாவதில் நாளுக்கு 53 கிராம், இரண்டாவதில் 89 கிராம். அதிக எடை குறைந்த பக்கத்தில் குறைந்த கொழுப்புதான் போயிருக்கிறது!

ஆளுக்கு ஆள் வேறு காரணங்களும் உண்டு. 100 கிலோ ஆணுக்கும் 65 கிலோ பெண்ணுக்கும் ஒரே வேகத்தில் குறையாது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு உடல் நீர் கோத்துக்கொள்ளும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கினால் வலிக்கும் தசையிலும் நீர் தங்கும். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு மாத்திரை, மலச்சிக்கல், முந்தைய நாள் தின்ற ஊறுகாய், அப்பளம் எல்லாமே எடையில் தெரியும்.

சரி, நாள் போனால் எது நல்லது? ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்துச் செய்த ஓராண்டு ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. குறைகொழுப்பு உணவில் சராசரியாக 5.3 கிலோ, குறைமாவுச்சத்தில் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு குழுவுக்குள்ளேயும்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: ஏராளமாக இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள்.

அதனால் என் ஓட்டு, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட முடிகிற அளவுச் சாப்பாட்டுக்கே. கறி, முட்டை பிடித்து, அதிலேயே பசி அடங்குகிறவர்கள் பேலியோவில் தாராளமாக இருக்கலாம். ஆனால் சர்க்கரைக்கோ பிபிக்கோ மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது. சோற்றை நிறுத்தியதும் பழைய டோஸ் அதிகமாகிவிடலாம். எதை எடுத்தாலும் ஒரு மாதமாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எடையோடு தொப்புள் மட்டத்தில் இடுப்பளவையும் வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடுத்துக் குறித்து வையுங்கள்.