மாடியை நாள் வாடகைக்கு விடுபவர்களே, கூடுதல் காசைக் கையில் வாங்காதீர்கள்

கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடியை ஒரு ஆப் வழியாக நாள் வாடகைக்கு விட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. கீழே நானும் மனைவியும் இருக்கிறோம். மாடியில் இரண்டு அறை, சின்னதாய் ஒரு சமையலறை, பலகைத் தரை போட்ட ஹால். வந்து போனவர்களில் பெரும்பாலோர் தங்கமானவர்கள். போன மே மாதம் வந்த கூட்டம் அப்படி இல்லை. தப்பில் பாதி என்னுடையது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

புக்கிங்கில் இருந்தது நாலு பேர், இரண்டு இரவு. "ஃபேமிலிதான் அண்ணா, ஒரு தொந்தரவும் இருக்காது" என்று மெசேஜ் வேறு. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்குக் கார் வந்தது, ஐந்து பேர் இறங்கினார்கள். பின்னாலேயே ஒரு டெம்போ டிராவலர். எண்ணிப் பார்த்தால் மொத்தம் பதினொரு பேர். "இவங்க எல்லாம் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவாங்க அண்ணா" என்றான் புக் செய்த பையன். அந்த நேரத்துக்கு மலையில் எங்கே கிளம்புவது? வெளியே தூறல். ஒரு அம்மா கைக்குழந்தையைச் சேலைக்குள் போர்த்திக்கொண்டு நிற்கிறார். சீசனில் வேறு இடமும் கிடைக்காது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். "சரி தம்பி, கூடுதல் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்துடுங்க" என்றேன். ஏழு பேருக்கு 3,500 வர வேண்டும். பேரம் பேசி 2,000 ரூபாய் ஜிபே செய்தான். நானும் வாங்கிக்கொண்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதினொரு மணிக்கு பால்கனியில் ஸ்பீக்கர் அலறியது. மலையில் ராத்திரிச் சத்தம் பள்ளத்தாக்கு தாண்டிக் கேட்கும். எதிர்ச் சரிவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா போன் செய்துவிட்டார். மேலே போய், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஸ்பீக்கர் போடக் கூடாது, அது என் வீட்டு விதி மட்டும் இல்லை, சட்டம் என்றேன். "காசு வாங்கிட்டீங்கல்ல அண்ணா, அப்புறம் என்ன?" என்றான். வாயடைத்துப்போனேன். போலீசைக் கூப்பிடுவேன் என்ற பிறகுதான் சத்தம் குறைந்தது. நின்றது என்று சொல்ல மாட்டேன்.

அதைவிட மோசம் மறுநாள் இரவு. பார்பிக்யூ அடுப்பு கொண்டுவந்திருந்தார்கள். மழை வலுத்ததும் அதை ஹாலுக்குள் தூக்கிவந்து, குளிருக்காக ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். ஏதோ கருகுகிற வாடை கீழே வரவே ஓடிப்போய் நானே ஜன்னலைத் திறந்தேன். கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கி, எழுந்திருக்காமலே போனவர்கள் இந்த ஊரிலேயே உண்டு. அந்தக் குழந்தை உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஞாயிறு காலை சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். மேலே போய்ப் பார்த்தேன். பலகைத் தரையில் தோசைக்கல் அகலத்துக்கு வட்டமாக ஒரு கருப்புத் தழும்பு, விரலை வைத்தால் கரி உதிர்கிறது. ஒரு மெத்தை முழுக்க மசாலா. வெள்ளைத் துண்டில் ஷூ துடைத்திருக்கிறார்கள். லாரியில் வாங்கி நிரப்பிய தொட்டி காலி. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போடும் ஊர் இது. கட்டிலுக்கு அடியில் மட்டும் 31 பாட்டில் எடுத்தேன்.

மிச்ச பிரியாணியைக் கொல்லைப்புறத்தில் கொட்டியிருந்தார்கள். அந்த வாடைக்குக் காட்டுப்பன்றிகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து கேரட் பாத்தியையும் கிளறிவிட்டன. வந்தது காட்டெருமை இல்லையே என்று மனைவி ஆறுதல் சொன்னாள்!

மெத்தை, தரை, துண்டு எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய்க்கு ஆப்பில் கிளெய்ம் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. கூடுதல் ஆட்களை நீங்களே ஒப்புக்கொண்டு, ஆப்புக்கு வெளியே பணமும் வாங்கியிருக்கிறீர்கள் என்று சொல்லி, நான் 2,000 வாங்கிய ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையே அனுப்பினார்கள். பையன் கொடுத்திருக்கிறான். தரை முன்னால் எப்படி இருந்தது என்பதற்குத் தேதியோடு படம் கேட்டார்கள், என்னிடம் இல்லை. கடைசியில் துண்டுக்கும் சுத்தம் செய்ததற்கும் 1,800 ரூபாய் கிடைத்தது. கூடவே அந்தப் பையன் போட்ட ஒற்றை ஸ்டார்: "ஓனர் அடிக்கடி மேலே வந்து தொந்தரவு செய்கிறார்."

காசு வாங்காமல், வாசலில் நின்றே ஆப்பின் உதவி எண்ணுக்குப் போன் போட்டிருந்தால் என் பக்கம் பேச ஏதாவது இருந்திருக்கும். கைக்குழந்தைக்காக அந்த ஒரு ராத்திரி விட்டிருந்தாலும், கூடுதல் ஆட்களை ஆப்பிலேயே சேர்க்கச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு கூட்டம் வருவதற்கு முன்னும் மாடியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவிடுகிறேன், இரண்டு நிமிட வேலை.

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் எல்லாம் அதில் பதிய வேண்டும். முகவரி அனுப்பும் முன்பு அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். நாலு பேர் புக்கிங்குக்கு இரண்டு வண்டி என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

போன வாரம்கூட ஒருவர் நாலு பேருக்கு புக் செய்தார். "ரொம்ப டீசன்டான ஃபேமிலி சார்" என்றார். இ-பாஸ் நகல் அனுப்புங்க சார் என்றேன். பத்து நிமிடத்தில் கேன்சல் செய்துவிட்டார்.